கட்டி முடித்த வீட்டுக்கு அளந்த தெரு

சென்னையின் தெற்கே மடிப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் தகரத் தடுப்புக்கு முன்னால் ஒரு பலகை நிற்கும். திட்ட அனுமதி எண், நாள், புல எண், எத்தனை மாடி, எத்தனை வீடு, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் எல்லாம் அதில் இருக்கும். இல்லாதது ஒன்றுதான். இந்தக் கட்டடத்துக்கான மண்ணும் ஜல்லியும் கம்பியும் கான்கிரீட்டும் எந்த வழியாக, எந்த நேரத்தில், எத்தனை வண்டியில் வரப்போகின்றன என்பது. பலகையில் இல்லாவிட்டால் போகட்டும். அனுமதிக்குப் போன கோப்பிலும் அது இருக்காது.

நம் கட்டட விதிகளுக்கு வீடு என்றால் கட்டி முடித்த வீடு. குடியேறப்போகும் குடும்பங்களுக்குத் தெரு போதுமா, தீயணைப்பு வண்டி உள்ளே வருமா, கார்களை எங்கே நிறுத்துவார்கள் என்றெல்லாம் விதி கேட்கும். கட்டடம் எழும்புகிற இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே தெரு என்ன பாடுபடும் என்று கேட்காது. தெருக்காரர்கள் தூக்கமில்லாமல் தவிப்பதற்கும், பில்டர் நள்ளிரவில் லாரியை வைத்துக்கொண்டு முழிப்பதற்கும், உள்ளாட்சி ஒரே சாலையைத் திரும்பத் திரும்பப் போடுவதற்கும் வேர் இதுதான் என்பது என் கருத்து. ஓட்டுநரின் ஒழுங்கீனம், பில்டரின் அவசரம், கண்டும் காணாமல் போகும் அதிகாரி எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் அத்தனை பேரும் யோக்கியர்களாகவே இருந்தாலும் இப்போதுள்ள ஏற்பாட்டில் சிக்கல் தீராது.

லோடு கணக்கு

முக்கால் ஏக்கர் மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்க இடைவெளி போக 2,000 சதுர மீட்டர் பரப்பில், கார் நிறுத்துவதற்காக 3.5 மீட்டர் ஆழத்துக்கு அடித்தளம் தோண்டுகிறார்கள். வெளியே போக வேண்டிய மண் 7,000 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.8 டன் என்றால் 12,600 டன். பத்துச் சக்கர டிப்பரின் மொத்த எடை, 2018-இல் மத்திய அரசு உயர்த்திக் கொடுத்த வரம்பின்படி, 28.5 டன். வண்டியின் சொந்த எடை பத்து டன் போனால் ஏற்றக்கூடிய பாரம் 18 டன்னும் கொஞ்சமும். ஆக, 700 லோடு. காலியாக வருவதும் பாரத்தோடு போவதுமாகத் தெருவை 1,400 முறை கடக்க வேண்டும். இது வெறும் பள்ளத்துக்கான கணக்கு. இன்னும் ஒரு மூட்டை சிமெண்டுகூட இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பைலிங் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு வரும் நீளமான டிரெய்லர், கம்பி லாரி, சென்ட்ரிங் சாமான், பிளாக் கல், எம்-சாண்ட், டைல்ஸ், நிலக்கதவு, லிஃப்ட், நாள் தவறாமல் தண்ணீர் லாரி. ஒரு மாடிக்கு 5,000 சதுர அடி ரூஃப் போட்டால், ஐந்து அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய 59 கன மீட்டர் கான்கிரீட். பீமுக்கு வேறு சேர்க்க வேண்டும். ஆறு கன மீட்டர் கொள்ளும் மிக்சர் லாரி பத்துப் பன்னிரண்டு தடவை வந்தாக வேண்டும். அதுவும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக.

இந்த லோடு கணக்கில் ஒரு விஷமம் இருக்கிறது. லாரித் தொழிலில் மணலையும் மண்ணையும் டன்னில் பேச மாட்டார்கள், யூனிட்டில்தான் பேசுவார்கள். நூறு கன அடி ஒரு யூனிட். எம்-சாண்ட் ஒரு யூனிட் நாலரை டன்னை ஒட்டி வரும். சட்டப்படி பத்துச் சக்கர வண்டியில் நாலு யூனிட் ஏற்றலாம். தெருவுக்குள் வருவது ஆறு யூனிட். பிடிபட்டால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பிடிபட்டால்தானே என்பது தொழிலின் கணக்கு.

“ஆறு யூனிட் ஏற்றினால் லாரி எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறையுமே, தெருவுக்கு நல்லதுதானே?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, பதில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் 1950-களின் இறுதியில், வெவ்வேறு கனத்தில் சாலைத் துண்டுகளைப் போட்டு, வெவ்வேறு பாரத்தில் லாரிகளை இரண்டு ஆண்டுகள் ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மேல் ஏறும் எடை கூடக்கூட, சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று தெரியவந்தது. ஒரு காரின் அச்சைவிடப் பத்து மடங்கு எடையுள்ள அச்சு பத்தாயிரம் மடங்கு சேதம் செய்யும். 28.5 டன் வண்டி 37 டன்னாக உருண்டால் ஒரு தடவைக்கான சேதம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. லாரிகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்த பிறகும், மொத்தச் சேதம் இருமடங்கை நெருங்கும். கண்ணுக்குத் தெரியும் லாரிகள் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாத அடித்தளம் இரண்டு மடங்கு அடிவாங்குகிறது.

அகலமான தெருவுக்கு மட்டும் விதி

2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தெரு அகலத்தைப் பற்றி நிறையவே பேசுகின்றன. 18.3 மீட்டருக்கு மேல் போகும் உயரக் கட்டடம் என்றால் எதிரே குறைந்தது 12 மீட்டர் சாலை வேண்டும். மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் எஃப்எஸ்ஐ 3.25 முழுதாக வேண்டுமென்றால் 18 மீட்டர். அந்த அகலமும் மனைக்கு எதிரில் மட்டும் இருந்தால் போதாது, 500 மீட்டர் நீளத்துக்கு இருக்க வேண்டும். கூடவே தீயணைப்பு, போக்குவரத்துக் காவல், விமான நிலைய ஆணையம் என்று வரிசையாகத் தடையின்மைச் சான்றுகள்.

கட்டுமான வண்டிகளைப் பற்றி ஓரளவாவது பேசும் இடம் சுற்றுச்சூழல் அனுமதிதான். 2006 செப்டம்பர் அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுபவர்கள் மாநில ஆணையத்திடம் அதைப் பெற வேண்டும். சரக்கு கொண்டுவரும் வண்டிகள் நல்ல நிலையில் இருக்க வேண்டும், புகை-ஒலி அளவுக்குள் இருக்க வேண்டும், நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும் ஓட வேண்டும் என்று அந்த அனுமதிக் கடிதங்களில் வழக்கமாக ஒரு நிபந்தனை வரும். எல்லாக் கடிதத்திலும் வரி மாறாமல் வரும். சிறுசேரியில் கட்டினாலும் சேலத்தில் கட்டினாலும் அதே வரி. எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் திருப்பம் என்று எதுவும் இருக்காது. வரி மாறாத நிபந்தனையை யாரும் வாசிப்பதில்லை என்பது எழுதுகிறவர்களுக்கும் தெரியும்.

2018 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தூசுக் கட்டுப்பாட்டுக்காக இன்னொரு அறிவிக்கை கொண்டுவந்தது. கட்டுமான இடத்துக்குப் போகும் பாதையைக் கெட்டிப்படுத்தித் தார் போட வேண்டும், மண்ணும் மணலும் ஏற்றிய வண்டியை மூட வேண்டும் என்கிறது அது. காற்றுத் தூசு வரம்பு மீறும் ஊர்களுக்கானது என்றாலும் நல்ல விதி. தார்ப்பாய் போர்த்துவது ஓரளவு நடக்கிறது. பாதையைக் கெட்டிப்படுத்துவது, கட்டடம் முடிந்து விற்பனை அலுவலகம் திறக்கும் வாரத்தில் நடக்கிறது.

கவனியுங்கள்: இத்தனை விதிகளும் எங்கே தொடங்குகின்றன? தெரு ஏற்கெனவே அகலமாக இருக்கும் இடத்தில். கட்டடம் பெரிதாக இருக்கும் இடத்தில். சென்னையில் பெரும்பாலான தெருக்கள் சந்திப்பது வேறு வகைக் கட்டடத்தை. கீழே ஸ்டில்ட், மேலே ஐந்து மாடி, உயரம் 18.3 மீட்டருக்குள், பரப்பு 20,000 சதுர மீட்டருக்கு வெகு கீழே. அசோக் நகரிலும் கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் 1980-களில் கட்டிய அடுக்குமாடிகளை இடித்து இப்போது எழுப்புபவை பெரும்பாலும் இந்த ரகம். இடிப்பதால் வரும் கட்டடக் கழிவு வேறு. முப்பதடித் தெருவில் ஒரே நேரத்தில் மூன்று மனைகளில் வேலை நடக்கும். மூன்றும் விதிக்கு உட்பட்டவை. மூன்றும் தனித்தனி அனுமதி. மூன்று டிப்பரும் ஒரே திருப்பத்தில் எதிரெதிரே முட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் பார்க்கும் அலுவலகத்துக்குத் தெரு என்று ஒன்று தெரிவதே இல்லை.

தெருவின் அகலம் என்பதே காகிதத்தில் ஒன்றும் தரையில் ஒன்றுமாக இருக்கும். புல வரைபடத்தில் ஒன்பது மீட்டர் என்றால் ஒன்பது மீட்டர். அதில் வீட்டுக்கு வீடு வாசல் சாய்தளம் ஒரு மீட்டர், மழைநீர் வடிகால், டிரான்ஸ்ஃபார்மர், இரு பக்கமும் நிற்கும் கார் எல்லாம் போனால் வண்டிக்கு மிஞ்சுவது மூன்றரை மீட்டர். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி லாரி 2.6 மீட்டர் அகலம் வரை இருக்கலாம். நேராகப் போக இது போதும். திரும்ப? தேசியக் கட்டட நெறி தீயணைப்பு வண்டிக்காக மனைக்குள்ளே ஒன்பது மீட்டர் ஆரத்தில் திருப்பம் கேட்கிறது. மனைக்குள்ளே. தெரு முனையில் அந்த வண்டி எப்படித் திரும்பி வந்தது என்பதை வண்டிதான் சொல்ல வேண்டும்.

இரவு பதினொன்றரை

மேடவாக்கம் பக்கம் இருபதடித் தெரு ஒன்றில் ரூஃப் கான்கிரீட் நடக்கும் ராத்திரியை ஒருமுறை நின்று பார்த்தால் பிரச்சினை முழுதும் விளங்கிவிடும். மிக்சர் லாரி முன்பக்கமாக நுழைந்தால் வெளியே திரும்ப இடமில்லை; அதனால் பிரதான சாலையிலிருந்தே பின்னுக்கு வரும். டிரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்த முடியாது. கிளீனர் பையன் பின்னால் நடந்தபடி வண்டியின் பக்கவாட்டைத் தட்டித் தட்டி “வா, வா, ஒடிச்சு வா” என்பான். மேலே கேபிள் டிவி ஒயர், இணைய ஒயர், அதற்கும் மேலே மின்கம்பி. தாழ்வழுத்த மின்கம்பி தெருவைக் கடக்கும் இடத்தில் தரையிலிருந்து 5.8 மீட்டராவது உயரம் வேண்டும் என்பது விதி. அந்த உயரம் இருக்கும். கேபிள் ஒயர்தான் டிரம்முக்கு மேல் தொங்கும். மூங்கில் கழியின் நுனியில் ஒரு ஆணி அடித்து வைத்திருப்பார்கள், ஒயரைத் தூக்கிப் பிடிக்க. வடிகால் மூடியின் மேல் பின்சக்கரம் ஏறும்போது ஒரு சத்தம் கேட்கும். மறுநாள் காலையில் மூடி விரிசல் விட்டிருக்கும். இரண்டாவது லாரி தெரு முனையில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும். மூன்றாவது, பிரதான சாலையில் யாரோ ஒருவருடைய கடை ஷட்டருக்கு முன்னால்.

இதெல்லாம் ஏன் ராத்திரியில்? நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்குப் பகல் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. பள்ளி நேரத்திலும் அலுவலக நேரத்திலும் லாரி ஓடக் கூடாது என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் அதே அரசின் இன்னொரு விதி, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் ஓசை எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கவே கூடாது என்கிறது. குடியிருப்புப் பகுதியில் இரவுக்கான ஒலி வரம்பு 45 டெசிபல். கான்கிரீட் பம்ப் ஓடும் தெருவில் அந்த எண்ணைச் சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

மூன்றாவது விதி கான்கிரீட்டினுடையது. ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 4926, ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இறக்கிவிட வேண்டும் என்கிறது. இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். பகலில் நெரிசலில் மாட்டினால் சரக்கு வீண். ரூஃபின் நடுவில் இடைவெளி விழுந்தால் பிற்பாடு அங்கே நீர்க்கசிவு. ஆகவே பகலில் வந்தால் போக்குவரத்துக் காவலர் நிறுத்துவார், இரவில் வந்தால் தெருக்காரர் 100-க்குப் போன் போடுவார், நடுவில் நின்றால் கான்கிரீட் இறுகிவிடும். சட்டத்தை மீறாமல் இந்தத் தெருவில் ரூஃப் போட வழி இருக்கிறதா என்று ஒரு சைட் இன்ஜினியர் கேட்டால் பதில் சொல்வது கடினம். வழி இல்லாத இடத்தில் மாமூல் வழி உண்டாகிறது.

இதற்கு நடைமுறையில் கண்ட தீர்வு என்ன? பல பில்டர்கள் ரூஃப் போடும் நாளை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுகிறார்கள். காலை ஆறரைக்குத் தொடங்கிப் பிற்பகலுக்குள் முடிக்கிறார்கள். முதல் நாள் மாலையே வீடு வீடாகப் போய்க் காரை எடுத்து வேறு இடத்தில் விடச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், சட்டத்தில் எழுதப்படாத, ஒரு சூப்பர்வைசரின் நல்ல குணத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு. சிங்கப்பூரில் இது நேரெதிர். குடியிருப்புக்கும் மருத்துவமனைக்கும் 150 மீட்டருக்குள் இருக்கும் கட்டுமானத்தில் சனிக்கிழமை இரவு பத்து மணியிலிருந்து திங்கள் காலை ஏழு மணி வரை வேலையே கூடாது. அங்கே ஞாயிறு அமைதிக்கு. இங்கே ஞாயிறு கான்கிரீட்டுக்கு. எது சரி என்பதல்ல இங்கே பேச்சு. அங்கே பில்டருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எந்த நேரம் யாருடையது என்று முன்கூட்டியே தெரியும்.

வண்டிப்பாதையாக இருந்த சாலை

நகர எல்லையைத் தாண்டிப் போனால் சிக்கலின் முகம் மாறுகிறது. பழைய மாமல்லபுரம் சாலை ஆறு வழியாக விரிந்து கிடக்கிறது. அதிலிருந்து மேற்கே, தாழம்பூர், படூர், கேளம்பாக்கம் பக்கம் பிரிந்து உள்ளே போகும் சாலைகள் பலவும் ஏரிக்கரைப் பாதையாகவோ வயலுக்குப் போகும் வண்டிப்பாதையாகவோ இருந்தவை. ஊராட்சி ஒன்றியம் எப்போதோ தார் போட்டிருக்கும். கிராமச் சாலைத் திட்டங்களில் ஒருவழித் தார்ப்பரப்பின் வழக்கமான அகலம் 3.75 மீட்டர். இரண்டு டிப்பர் எதிரெதிரே வந்தால் இரண்டின் அகலம் மட்டும் 5.2 மீட்டர். ஒன்று மண்ணில் இறங்கியே தீர வேண்டும். இறங்கி இறங்கித் தாரின் ஓரம் உடையும். ஓரம் உடைந்த சாலை ஒரு மழைக்குத் தாங்காது. அதுவும் நமக்கு மழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும் வடகிழக்குப் பருவமழை.

சாலையைவிடப் பலவீனமான இடம் ஏரிக் கால்வாய்மேல் இருக்கும் சிறுபாலம். மாட்டுவண்டிக்கும் டிராக்டருக்கும் கட்டியது. அதன் மேல் எத்தனை டன் போகலாம் என்று எங்கேயும் பலகை இருக்காது. பாலம் இறங்கிவிட்டால் பில்டருக்கு ஒரு வாரம் வேலை நிற்கும். அதைத் தாண்டி இருக்கும் கிராமத்துக்குப் பேருந்து நிற்கும், பால் வண்டி நிற்கும், 108 வண்டி சுற்றிக்கொண்டு போகும். அனுமதிக் கோப்பில் இந்தப் பாலம் எங்கே இருந்தது? மனை எல்லைக்கு ஒரு கிலோமீட்டர் வெளியே, ஆகவே எங்கேயும் இல்லை.

மனைப்பிரிவுகள் இதற்கு இன்னொரு பூட்டுப் போட்டு வைத்திருக்கின்றன. ஒருவர் தம் புல எண்ணுக்குள் சாலை போட்டு, அதை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுப்பார். அடுத்த புலத்துக்காரரும் அப்படியே. இரண்டு சாலையும் எல்லையில் வந்து சுவரில் முட்டி நிற்கும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதன் பிறகு 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. ஏற்கெனவே விற்றுப்போன மனைகள் இருக்கிற சாலையோடு வரன்முறையாயின. காகிதம் சரியானது, தெரு பதினாறு அடியாகவே இருந்துவிட்டது. இப்போது அந்த மனைகளில் ஒவ்வொன்றாக வீடு எழும்புகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதே ஒற்றை வாய் வழியாகவே லாரி வர வேண்டும்.

பிரதான சாலையை ஒட்டிய மனைக்காரர்கள் அகலப்படுத்துவதற்கென முன்பக்கத்துண்டைத் தானமாகக் கொடுப்பதும் உண்டு. கொடுத்தவர் வீட்டுக்கு முன்னால் சாலை உள்வாங்கும், கொடுக்காதவர் வீட்டில் துருத்தும். விழுந்த பல்லும் விழாத பல்லுமாக இருக்கும் கிழவியின் வாய் மாதிரி. அந்தத் துண்டில் கட்டுமானக் காலத்தில் கம்பி கிடக்கும், கட்டி முடித்தபின் விருந்தினர் கார் நிற்கும். லாரி ஒதுங்க அதைவிட நல்ல இடம் வேறில்லை. யாருக்கும் தோன்றுவதில்லை.

யார் காசு

சாலைச் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதில் இங்கிலாந்து நமக்குப் பாடமாகும். அங்கே திட்ட அனுமதி கொடுக்கும்போதே பல இடங்களில் கட்டுமானப் போக்குவரத்துக்குத் தனியாக ஒரு திட்டம் கேட்பார்கள். எந்தச் சாலை வழியாக வண்டி வரும், எங்கே காத்திருக்கும், பள்ளி தொடங்கும் முடியும் நேரத்தில் என்ன செய்வார்கள், சக்கரத்தை எங்கே கழுவுவார்கள், புகார் சொல்ல யாரை அழைப்பது என்று எழுதிக் கொடுத்து, உள்ளாட்சி ஏற்ற பிறகே முதல் மண்வெட்டி விழும். அதற்கும் மேல், 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தில் 59-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. வழக்கத்துக்கு மீறிய பாரமோ போக்குவரத்தோ ஒரு சாலையைப் பாழாக்கினால், அதற்குக் காரணமானவரிடமிருந்தே கூடுதல் பராமரிப்புச் செலவை உள்ளாட்சி வசூலிக்கலாம். லண்டனில் கட்டுமான லாரிகள் சைக்கிள்காரர்களை நசுக்கிய சம்பவங்களுக்குப் பிறகு, ஓட்டுநருக்கு நேரடியாகத் தெரியாத பக்கம் அதிகமுள்ள கனரக லாரிகளைக் கட்டுப்படுத்தும் முறையை 2021 மார்ச்சிலிருந்து அமல்படுத்துகிறார்கள். அங்கேயும் புகார் இல்லாமல் இல்லை. புகார் சொல்ல ஒரு காகிதம் இருக்கிறது.

நம்மிடம் பணமே வசூலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வளர்ச்சிக் கட்டணம் உண்டு, உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் உண்டு. பெரிய கட்டடத்துக்கு அது சின்னத் தொகையும் அல்ல. ஆனால் அந்தப் பணம் போகும் பெட்டிக்கும் அந்தக் குறிப்பிட்ட தெருவுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. தெருக்காரருக்குத் தெரிவதெல்லாம், போன வருஷம் போட்ட சாலை இந்த வருஷம் பள்ளமாகிவிட்டது, கவுன்சிலரிடம் கேட்டால் அடுத்த டெண்டரில் என்கிறார் என்பதுதான். குடிநீர் இணைப்புக்குச் சாலையை வெட்டுகிற சாதாரண வீட்டுக்காரரிடம் சாலை வெட்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிவிடும் உள்ளாட்சி, 1,400 தடவை லாரி ஓட்டுகிறவரிடம் முன்பணம் கேட்பதில்லை. இது எனக்குப் புரிந்ததே இல்லை.

பில்டர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. சாலை முன்பே பள்ளமாகத்தான் இருந்தது, நாங்கள் மட்டுமா ஓட்டினோம், தண்ணீர் லாரியும் குப்பை லாரியும் ஓடவில்லையா என்பார்கள். இதற்கு மறுப்புச் சொல்ல வேண்டுமானால் வேலை தொடங்குமுன் சாலை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். தொடங்கும் நாளில் பிரதான சாலையிலிருந்து மனை வரைக்கும் வீடியோ எடுத்து, வடிகால் மூடி, மேன்ஹோல், வேகத்தடை, பாலம், ஓரத்து மதில் எல்லாவற்றையும் பதிவு செய்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது அரை நாள் வேலை. மெட்ரோ மாதிரிப் பெரிய பணிகளில் பக்கத்துக் கட்டடங்களின் விரிசலை முன்கூட்டியே பதிவு செய்யும் வழக்கம் உண்டு. அதே பழக்கத்தைத் தெருவுக்கும் கொண்டுவரலாம்.

சாலை வேலை நடக்கும் இடத்தில் போக்குவரத்தை எப்படி நடத்துவது என்று இந்தியச் சாலைப் பேராயம் எஸ்பி 55 என்ற வழிகாட்டியை வைத்திருக்கிறது. கூம்பு, தடுப்பு, எச்சரிக்கைப் பலகை, கொடி பிடிப்பவர் எல்லாவற்றுக்கும் அதில் அளவு உண்டு. ஆனால் அது சாலையைப் போடுகிறவர்களுக்கானது. சாலையோரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு அல்ல. கட்டடத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளோ தகரத் தடுப்புக்கு உள்ளேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. கேட்டுக்கும் பிரதான சாலைக்கும் இடையிலான இருநூறு மீட்டர் எந்தப் புத்தகத்திலும் சேராமல் கிடக்கிறது. பின்னுக்கு வரும் லாரிக்கும் டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைக்கும் நடுவில் இருப்பது அந்தக் கிளீனர் பையனின் குரல் மட்டும்தான்.

என்ன செய்யலாம் என்றால், மலையைப் புரட்டச் சொல்லவில்லை. இரண்டே பக்கத்தில் ஒரு வண்டிப் பாதைத் திட்டம் போதும். பிரதான சாலையிலிருந்து மனை வரைக்குமான வரைபடம். எந்த இடத்தில் லாரி திரும்பும். மொத்தம் எத்தனை லோடு. மண் எங்கே போகிறது, அதற்கான நடைச்சீட்டு யார் பெயரில். காத்திருக்கும் வண்டி தெருவில் நிற்காமல் எங்கே நிற்கும். கடைசியாகச் சொன்னதுதான் முதன்மையானது. இரண்டாவது லாரியை ஒரு கிலோமீட்டர் தள்ளிக் காலி மனையில் நிறுத்தி, முதல் லாரி வெளியேறியதும் போனில் அழைக்கலாம். தெருவின் பாதித் தொல்லை அங்கேயே ஒழியும். செலவு, அந்தக் காலி மனைக்கு மாத வாடகை. ஒரே தெருவில் மூன்று அனுமதி இருந்தால், மூன்றாவதாக வருகிறவரின் திட்டம் முதல் இரண்டையும் பார்த்து எழுதப்பட வேண்டும். ரூஃப் போடும் நாளுக்கு மட்டும், மாதத்துக்கு இத்தனை நாள் என்ற கணக்கில், காவல்துறையும் உள்ளாட்சியும் சேர்ந்து நேர விலக்கு கொடுக்கலாம். அந்த நாள் பலகையிலும் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் முன்கூட்டியே வர வேண்டும். அப்போது பகல் தடைக்கும் இரவு அமைதிக்கும் நடுவில் ஒரு சட்டபூர்வமான இடைவெளி உண்டாகும்.

இதை அமல்படுத்தப் புது அலுவலகம் எதுவும் வேண்டாம். கையிலிருக்கும் கடிவாளம் பணிநிறைவுச் சான்று. அது இல்லாமல் மின்சார, குடிநீர், கழிவுநீர் நிரந்தர இணைப்பு கிடைக்காது என்பதால் பில்டர் எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டார். சாலையைத் தொடக்க நாள் வீடியோவில் இருந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டதாகப் பகுதிப் பொறியாளர் கையெழுத்திட்டால்தான் அந்தச் சான்று என்று ஒரு வரி சேர்த்தால் பெரிய, நடுத்தரக் கட்டடங்கள் வழிக்கு வரும். மாட்டிக்கொள்ளாமல் நழுவப்போவது சின்னவை. எட்டு வீடுகள் வரையிலான சிறு குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பணிநிறைவுச் சான்றே தேவையில்லை என்று 2024-இல் விலக்கு விரிந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு, அதே ஆண்டு ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் உடனடி அனுமதி. சாமானியருக்கு அலைச்சலைக் குறைத்த நல்ல மாற்றங்கள். அவற்றைத் திரும்பப் பெறச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பதினாறடித் தெருவில் நாற்பது மனையில் நாற்பது சுயசான்று வீடு எழும்பும்போது லாரிக் கணக்கு பெரிய கட்டடத்துக்குக் குறைந்ததாக இருக்காது. அங்கே முன்பணத்தை மனைக்காரர்களிடம் கேட்பதைவிட, மனைப்பிரிவு போட்டு விற்றவரிடம், சாலையைத் தானப்பத்திரம் எழுதி வாங்கும் நாளிலேயே, கட்டுமானக் காலத்துக்கும் சேர்த்துக் கனமான அடித்தளத்தோடு சாலை போட்டுக் கொடுக்கச் சொல்வதுதான் நடக்கக்கூடியது.